நீர்புகா மழைக்கோட்டு வாங்குகிறவர்கள் முதலில் தையலைப் பாருங்கள்

சென்ற ஆண்டு செப்டம்பரில், சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கென்றே தைத்தது என்று ஆன்லைனில் விற்ற ஒரு மழைக்கோட்டை 3,499 ரூபாய் கொடுத்து வாங்கினேன். முதல் மழையில் அரை மணி நேரம்கூட அது தாங்கவில்லை. பணத்தைத் திரும்ப வாங்க இரண்டு மாதம் போராட வேண்டியிருந்தது. பருவமழைக்கு முந்தைய தள்ளுபடி விற்பனை இப்போது மறுபடியும் தொடங்கியிருக்கிறது. அதே படங்கள், அதே வாசகங்கள் கண்ணில் படுகின்றன. நான் பட்டதை வேறு யாரும் படக் கூடாது என்பதால் எழுதுகிறேன்.

மடிப்பாக்கத்திலிருந்து தரமணிக்குத் தினமும் சைக்கிளில்தான் வேலைக்குப் போகிறேன். சென்னைக்கு ஆண்டு முழுவதும் கிடைக்கும் மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் கொட்டிவிடுகிறது. அந்த மூன்று மாதமும் சைக்கிளை மூலையில் சாத்திவைக்க எனக்கு மனம் வராது. ஸ்கூட்டருக்குப் போடும் நீண்ட ரெயின்கோட்டு சைக்கிளுக்கு ஆகாது. மிதிக்கும்போது முழங்காலில் இடிக்கும், ஓரம் சங்கிலியில் சிக்கும், பத்து நிமிடத்தில் உள்ளே வேர்த்துக் கொட்டும். அதனால்தான் இவ்வளவு விலை கொடுக்கத் துணிந்தேன்.

விளம்பரத்தில் இருந்தவை இவை: நூறு சதவீதம் நீர் புகாது, 10,000 மி.மீ. தாங்கும், ஆவணங்களும் கைப்பேசியும் நனையாமல் வைக்க நீர்புகா உட்பை. பார்சல் வந்ததும் குழாயடியில் கையை நீட்டிப் பார்த்தேன். சேம்பிலைமேல் உருளுவதுபோலத் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடியது. திருப்தியாக மடித்துப் பீரோவில் வைத்துவிட்டேன். திருப்பி அனுப்பப் பத்து நாள் அவகாசம். மழை வந்ததோ அக்டோபர் மூன்றாம் வாரத்தில்.

அன்று காலை அம்மாவின் சர்க்கரை நோட்டு என்னிடம் இருந்தது. பதினான்கு மாதமாக, வெறும் வயிற்றில் எவ்வளவு, சாப்பிட்டபின் எவ்வளவு என்று கட்டம் போட்டு அம்மா எழுதிவந்த சிறிய நோட்டு. அம்மா ஓய்வுபெற்ற தமிழாசிரியை. மைப்பேனாவைத் தவிர வேறு எதிலும் எழுத மாட்டார். மருத்துவர் மாற இருந்ததால், அலுவலகத்தில் நகல் எடுத்துத் தருகிறேன் என்று நான்தான் கேட்டு வாங்கினேன். ஆவணத்துக்கென்று சொன்ன அந்த உட்பையில் வைத்து ஜிப்பை இழுத்தேன்.

கைவேலி தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. முதலில் இரண்டு தோளிலும் கோடு இழுத்ததுபோலக் குளிர்ச்சி. பிறகு முழங்கை, பிறகு மார்பில் ஜிப் ஓரம். தரமணி போய்ச் சேர்ந்து உட்பையைத் திறந்தால் அதன் அடியில் தண்ணீர் தேங்கி நின்றது. நோட்டின் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. மெதுவாகப் பிரித்தேன். அம்மா ஸ்கேல் வைத்துப் போட்ட கோடுகள் மட்டும் அங்கங்கே மிஞ்சியிருந்தன. எண்கள் எல்லாம் கரைந்து நீலத் திட்டுகளாகிவிட்டன. வீட்டுக்கு வந்து காட்டியபோது, "போகட்டும்மா, நாளைக்குக் குத்திப் பார்த்தால் எண் வரப்போகிறது" என்றார். அடுத்த நாள் எண் வரும். போன பதினான்கு மாதம் எப்படி வரும்? அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

விற்பனையாளருக்கு எழுதினேன். நான்கு நாள் கழித்து வந்த பதில்: "திருப்பி அனுப்பும் காலம் முடிந்துவிட்டது. இது சாரல் தாங்கும் உடை, கனமழைக்கானது அல்ல." விளம்பரத்தில் நூறு சதவீதம் என்று போட்டிருக்கிறீர்களே என்று படத்தோடு கேட்டேன். துணி நூறு சதவீதம் நீர்புகாததுதான் என்றார்கள். அந்தப் பதிலுக்குள்தான் மோசடியே இருக்கிறது என்பது எனக்கு அப்போது புரியவில்லை.

புரியவைத்தவர் எங்கள் தெருமுனையில் வண்டி சீட்டுக்கு உறை தைக்கும் பெரியவர். தையல் விட்டுவிட்டதோ என்று கேட்கத்தான் போனேன். அவர் கோட்டை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, தோள் தையலை இரண்டு கட்டைவிரலாலும் இழுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். ஊசி இறங்கிய இடமெல்லாம் புள்ளி புள்ளியாக வெளிச்சம் தெரிந்தது. "துணிமேல் குறை இல்லை, அம்மா. ஒவ்வொரு தையலும் ஒரு ஓட்டை. மழையில் நின்ற வண்டியில் உட்கார்ந்தால் ஏன் நனைகிறது? ரெக்சின் ஒழுகாது, தையல்தான் ஒழுகும். இதில் தையல்மேல் பட்டை ஒட்டவே இல்லை."

அந்த 10,000 மி.மீ. கணக்கும் அப்படித்தான். துணியில் ஒரு துண்டை எடுத்து இறுகப் பிடித்து, ஒரு பக்கம் தண்ணீரின் அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவார்கள். மறுபக்கம் மூன்று இடங்களில் துளி எட்டிப் பார்க்கும்போது அழுத்தம் எவ்வளவோ, அதுதான் அந்த எண். 10,000 மி.மீ. என்றால் பத்து மீட்டர் உயரத் தண்ணீர் அழுத்தும் அழுத்தம். நல்ல துணிக்கு அது கிடைக்கலாம். ஆனால் அந்த எண் துணித் துண்டுக்குக் கிடைத்தது. தோள், கை, தொப்பி, ஜிப் எல்லாம் சேர்த்துத் தைத்து முடித்த கோட்டுக்குக் கிடைத்ததல்ல. முத்தாக உருளும் தண்ணீரும் அப்படியே. துணியின் மேல்பூச்சு புதிதாக இருக்கிறது என்பதைத்தான் அது காட்டும். சாதாரணக் குடைத்துணியிலும் தண்ணீர் அப்படி உருளும். குழாயடியில் நான் செய்தது சோதனையே அல்ல.

ஆகவே வாங்கும்போது உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். ஒவ்வொரு தையலின்மேலும், விரல் அகலத்தில் வழவழப்பான பட்டை ஒட்டியிருக்க வேண்டும். தோளிலும் தொப்பியிலும் மட்டும் ஒட்டிவிட்டு அக்குளிலும் பக்கவாட்டிலும் விட்டுவிடுகிறவர்கள் உண்டு. உட்பையின் தையலை மறக்காமல் பாருங்கள். ஜிப்பின் பின்னால் ஒரு மடிப்பாவது இருக்க வேண்டும். சைக்கிளில் மழை எதிரே அடிக்கும், வெறும் ஜிப் அதற்கு நிற்காது. குனிந்து ஓட்டும்போது முதுகு வெளியே தெரியாதபடி பின்பக்கம் நீளமாகவும், கைப்பிடியை எட்டும்போது மணிக்கட்டு மூடியிருக்கும்படி கையும் நீளமாக இருக்க வேண்டும்.

ஆன்லைனில் வாங்கினால் மழைக்காகக் காத்திருக்காதீர்கள். மழை வருவதற்குள் அவகாசம் முடிந்துவிடும். பார்சலைப் பிரிப்பதிலிருந்து வீடியோ எடுங்கள். விலைச்சீட்டைக் கிழிக்காமல், தோள் தையல் அடியில் வரும்படி கோட்டைக் கிண்ணம்போலக் குவித்து ஒரு குவளை நல்ல தண்ணீர் ஊற்றுங்கள். கீழே டிஷ்யூ தாளை விரித்துப் பதினைந்து நிமிடம் விடுங்கள். தாள் ஈரமானால் அன்றே திருப்பி அனுப்பிவிடலாம். ஈரமாகாவிட்டால் நிழலில் உலர்த்தி வைத்துக்கொள்ளலாம்.

காற்றோட்டமும் எளிதில் ஏமாறும் விஷயம். வியர்வை ஆவியை வெளியே விடும் துணி என்று கூடுதல் விலை சொல்வார்கள். உள்ளே ஈரப்பதம் அதிகமாகவும் வெளியே குறைவாகவும் இருந்தால்தான் ஆவி வெளியேறும். மழை நாளில் சென்னையில் வெளிக்காற்றே ஈரத்தில் ஊறிக் கிடக்கிறது. நம் ஊருக்கு அக்குளில் ஜிப் வைத்துத் திறந்துகொள்ளும் வசதி அதைவிடப் பயன்படும். துவைக்கும்போது துணியை மென்மையாக்கும் திரவம் ஊற்றாதீர்கள், மேல்பூச்சு போய்விடும். ஈரத்தோடு மடித்துப் பீரோவில் வைத்தால் உள்பூச்சு நாளடைவில் செதில் செதிலாக உரியும்.

இனி பணம் திரும்பியது எப்படி என்பது. அவகாசம் முடிந்துவிட்டது என்றதும் நான் ஓய்ந்துபோயிருந்தேன். பிறகுதான் 2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளைப் படித்தேன். விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால் விற்பனையாளர் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள மறுக்கக் கூடாது. விற்பனைத் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். அவருக்கு எழுதினேன், பதில் இல்லை. ஒரு மாதம் பொறுத்து, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்தேன். விளம்பரப் பக்கத்தின் படம், பில், விற்பனையாளரின் பதில், வெளிச்சத்தில் பிடித்த தோள் தையலின் புகைப்படம் எல்லாவற்றையும் இணைத்தேன். அதன் பிறகுதான் அசைந்தார்கள். டிசம்பர் இறுதியில் 3,499 ரூபாயும் கணக்கில் வந்தது. வராதிருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போயிருப்பேன். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் இல்லை, நாம் குடியிருக்கும் ஊரிலேயே தொடுக்கலாம், இரண்டு ஆண்டுவரை காலம் உண்டு. விளம்பரப் பக்கத்தை வாங்கும் அன்றே படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். நான் புகார் கொடுத்த மறுவாரம் அந்தப் பக்கத்தில் "நூறு சதவீதம்" காணாமல் போயிருந்தது. பழைய படம் என்னிடம் இருந்ததால் பிழைத்தேன்.

நான் ஏமாந்த கோட்டு சாம்பல் நிறம், ஆரஞ்சு ஜிப், இடது மார்பில் உட்பை. அண்மையில் அப்படி ஒன்று வாங்கியிருந்தால் இன்றிரவே உள்பக்கத்தைத் திருப்பி விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். திருப்பி அனுப்ப இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்று பில்லில் பார்த்துக்கொள்ளுங்கள்.