நீர் கெஃபிருக்கு எந்த இனிப்பு? சீனி, நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி: ஓர் ஒப்பீடு

நீர் கெஃபிர் என்பது சர்க்கரை நீரை நொதிக்கவைத்துச் செய்யும் புளிப்பான நுரை பானம்; அதை நொதிக்கவைப்பவை பாக்டீரியாவும் ஈஸ்டும் கூடி வாழும் சிறு மணிகள். அந்த மணிகள் கைக்கு வந்ததும் எழும் முதல் கேள்வி, எதைக் கரைத்து ஊற்றுவது என்பதுதான். சீனி உடம்புக்கு ஆகாது, அதனால் மணிகளுக்கும் ஆகாது என்று நேராகக் கருப்பட்டிக்குப் போகிறவர்கள் உண்டு. விலை மலிவு, மண் தூசி கிடையாது என்று சீனியிலேயே நிற்பவர்களும் உண்டு. இரண்டு பக்கத்திலும் மணிகள் பெருகி அக்கம்பக்கத்துக்குக் கொடுக்கிறவர்களைப் பார்க்கலாம். ஒரே மாதத்தில் எல்லாம் நொய்யரிசி போலப் பொடிந்து போனவர்களையும் பார்க்கலாம். வித்தியாசம் பெரும்பாலும் அவர்கள் ஊற்றும் தண்ணீரில்தான் இருக்கிறது. தண்ணீர் எதுவென்று தெரியாமல் இனிப்பைத் தேர்ந்தெடுத்தால் பாதி வேலைதான் முடிந்திருக்கும்.

மணி எதனால் ஆனது

நல்ல மணி ஒன்றை இரு விரல்களுக்கு நடுவே வைத்து அழுத்திப் பாருங்கள். வேகவைத்த ஜவ்வரிசி போல மேலே வழுக்கும். ஆனால் குழையாது, படக்கென்று உடையும். உடைந்த முகம் கண்ணாடித் துண்டு போலப் பளபளக்கும். அந்தக் கூழ்தான் டெக்ஸ்ட்ரான். அதைக் கட்டுவது மணிக்குள் வாழும் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள். சுக்ரோஸ் என்பது குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் கைகோத்த இணை. பாக்டீரியாவின் நொதி அந்த இணையைப் பிரித்து, குளுக்கோஸைச் சங்கிலியாகக் கோத்துக்கொண்டே போகும். ஃப்ரக்டோஸை நீரில் விட்டுவிடும். ஈஸ்டும் மற்ற பாக்டீரியாக்களும் அதைத் தின்று அமிலமும் வாயுவும் கொஞ்சம் ஆல்கஹாலும் தரும்.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் பிடிபடும். மணி வளரச் சுக்ரோஸ் கட்டாயம் வேண்டும். அதை வளர்க்கும் உயிர்களுக்குக் கால்சியம், மெக்னீசியம் போன்ற தாதுக்களும் கொஞ்சம் நைட்ரஜனும் வேண்டும். முதலாவது சீனியில் நிறைய இருக்கிறது, இரண்டாவது அறவே இல்லை. கருப்பட்டியில் இரண்டும் உண்டு. ஆனால் தாது எவ்வளவு என்பது கட்டிக்குக் கட்டி மாறும்.

ஒப்பிடுவதற்கு ஓர் அடிப்படை அளவு

ஒரு லிட்டர் தண்ணீர், 60 கிராம் இனிப்பு, வடித்தெடுத்த மணி 60 கிராம், கந்தகம் சேர்க்காத உலர் அத்திப்பழம் ஒன்று, தோலோடு ஒரு வில்லை எலுமிச்சை. நைட்ரஜன் பெரும்பாலும் அத்திப்பழத்திலிருந்து கிடைப்பதால் அதை விட்டுவிட வேண்டாம். பளபளவென்று மஞ்சளாக இருக்கும் திராட்சையும் பளிச்சென்ற ஆரஞ்சு நிற உலர் பாதாமியும் (ஆப்ரிகாட்) பொதுவாகக் கந்தகப் புகை காட்டியவை. நுண்ணுயிர்களை மந்தப்படுத்தத்தான் அந்தக் கந்தகமே போடுகிறார்கள். எண்ணெய் தடவிய திராட்சையும் ஆகாது.

கண்ணாடி ஜாடியின் வாயை நெருக்கமாக நெய்த பருத்தித் துணியால் இறுகக் கட்டுங்கள். வலைபோல இழை விட்ட துணியென்றால் பழ ஈ நுழைந்துவிடும். துணி மூடியில் காற்று போய்வருவதால் வினிகர் வாடை சற்றுக் கூடும். அது பிடிக்காதவர்கள் மூடியைத் தளர்வாகத் திருகி வைக்கலாம். எவர்சில்வர் வடிகட்டியில் வடிப்பதில் தவறில்லை. செம்பு, பித்தளை, அலுமினியம் பக்கமே போக வேண்டாம். அமிலம் அவற்றை அரிக்கும்.

30 டிகிரிக்கு மேல் வெயில் ஏறும் ஊர்களில் 24 மணி நேரம் போதும், சித்திரை வைகாசியில் 18 மணி நேரத்திலேயே சுவைத்துப் பாருங்கள். 22 டிகிரி வாக்கில் 48 மணி நேரம் வரை எடுக்கும். வெளிநாட்டுக் குறிப்புகளில் வரும் 48 மணி நேரத்தைச் சென்னை வெயிலில் அப்படியே கடைப்பிடித்தால், மணிகள் உணவு தீர்ந்த புளிப்பு நீரில் ஒரு நாள் பட்டினி கிடக்கும். பொடிந்துபோவதற்கு அதுவே ஒரு பெரிய காரணம்.

சீனி

99 சதவீதத்துக்கு மேல் சுக்ரோஸ் என்பதால் மணி கட்டுவதற்கு இதைவிட நேரான தீனி இல்லை. எடை போட்டால் போட்டதுதான்; இன்றைய ஜாடிக்கும் நாளைய ஜாடிக்கும் வேறுபாடு வராது. மணி கண்ணாடி போல இருப்பதால் நோய் வந்தால் உடனே கண்ணில் படும். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இந்த ஒரு வசதிக்காகவே சீனியைத்தான் சொல்ல வேண்டும்.

குறை, தாது இல்லாதது. கூடவே ஊற்றும் தண்ணீரும் வெறும் தண்ணீராக இருந்தால் அமிலத்தைத் தாங்கிப் பிடிக்க எதுவும் இராது. புளிப்பு விறுவிறுவென்று ஏறும், மணிகளின் வளர்ச்சி நிற்கும். முதல் இரண்டு மூன்று முறை எல்லாம் நன்றாகத் தெரியும். பழைய கையிருப்பில் ஓடும் வண்டி அது. நான்காவது, ஐந்தாவது முறையில் மணிகள் சிறுத்து, ஜாடியின் அடியில் மாவு போலப் படியும்.

நாட்டுச் சர்க்கரை, வெல்லம்

சுக்ரோஸோடு, ஏற்கெனவே பிரிந்துபோன குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் இதில் ஒரு பங்கு உண்டு. ஈஸ்டுக்கு அது தயார் சாப்பாடு என்பதால் நுரை சீக்கிரம் கிளம்பும். சுவை சீனியில் வருவதைவிடக் கனமாக, லேசான உப்புக் கரிப்போடு இருக்கும்.

சிக்கல், சந்தையில் வாங்கும் சரக்கில். வெல்லத்தை வெளுக்க வைக்க ஹைட்ரோஸ் எனப்படும் சோடியம் ஹைட்ரோசல்பைட்டைப் போடும் வழக்கம் உண்டு. அது விட்டுப்போகும் கந்தகம், மஞ்சள் திராட்சையில் சொன்ன அதே கந்தகம்தான். எலுமிச்சை மஞ்சளில் மினுங்கும் அச்சு வெல்லத்தைத் தவிர்த்து, பார்க்க அழகில்லாத கரும்பழுப்பு வெல்லத்தை வாங்குங்கள். ஈரம் இருப்பதால் ஒரு லிட்டருக்கு 65 முதல் 70 கிராம் வரை போடலாம்.

கருப்பட்டி

இங்கே ஒரு சுவையான சங்கதி இருக்கிறது. பனையில் கலயம் கட்டும்போது உள்ளே சுண்ணாம்பு தடவுவார்கள். சாறு கள்ளாகாமல் பதநீராக நிற்பது அந்தச் சுண்ணாம்பால்தான். அந்தப் பதநீரைக் காய்ச்சி ஊற்றுவதால் கருப்பட்டியோடு கொஞ்சம் கால்சியமும் வருகிறது. பனை மேல் நொதித்தலைத் தடுத்த அதே பொருள், கெஃபிர் ஜாடியில் அமிலத்தின் வேகத்தை மட்டுப்படுத்தி நொதித்தலுக்குத் துணை நிற்கிறது. அளவுதான் வேறு.

கருப்பட்டியை அப்படியே தட்டிப் போடாதீர்கள். 70 கிராமை 200 மில்லி வெந்நீரில் கரைத்து, இரண்டு மடிப்புத் துணியில் வடிகட்டுங்கள். பாத்திரத்தை அசைக்காமல் பத்து நிமிடம் வைத்தால் அடியில் நரநரவென்று மணலும் கறுப்பு வண்டலும் தங்கும். கடைசி இரண்டு கரண்டியை விட்டுவிட்டு ஊற்றுங்கள். தண்ணீர் சேர்த்து ஒரு லிட்டராக்கி, விரலை விட்டால் சூடே தெரியாத நிலைக்கு வந்தபிறகுதான் மணிகளைப் போட வேண்டும். மணல் ஒருமுறை மணிகளுக்குள் சிக்கினால் பிறகு எத்தனை முறை அலசினாலும் முழுதாகப் போகாது.

சுவையில் கருப்பட்டிக் கெஃபிருக்கு நிகர் இல்லை. சுக்கும் இரண்டு ஏலக்காயும் தட்டிப் போட்டுப் புட்டியில் அடைத்தால் தனி மணம். ஆனால் தினமும் முழுக்கக் கருப்பட்டியே ஊற்றினால் மணிகள் கருத்துப்போகும். கருப்பது நோயல்ல. நோய் வந்தாலும் தெரியாமல் போவதுதான் தொல்லை. சீனி கலந்த போலிக் கருப்பட்டியும் சந்தையில் உண்டு. அது மணிக்குக் கேடில்லை, நீங்கள் கொடுத்த காசுக்குத்தான் கேடு.

பனங்கற்கண்டைப் பலர் கருப்பட்டிக்குச் சமமாக எண்ணுகிறார்கள். அது படிகமான சுக்ரோஸ். தாது விஷயத்தில் சீனியின் பக்கம்தான் சேரும்.

தேன், இளநீர்

தேனில் சுக்ரோஸ் மிகக் குறைவு, நுண்ணுயிர்களை அடக்கும் குணமும் உண்டு. தினசரித் தீனியாக ஆகாது. இளநீரிலும் பெரும்பங்கு குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும்தான். பானம் அருமையாக வரும், மணி வளராது. பெருகி மிஞ்சிய மணிகளை மட்டும் இளநீரில் போடுங்கள். ஸ்டீவியா போன்ற இனிப்பூட்டிகளில் மணிக்குத் தின்ன எதுவுமே இல்லை.

தண்ணீரோடு பொருத்தினால்

கேன் தண்ணீர், வீட்டு ஆர்.ஓ. தண்ணீர்: தாது ஏறக்குறைய வடிந்துபோன நீர். இதில் வெறும் சீனி போடுவதுதான் இருப்பதிலேயே மோசமான சேர்க்கை. 45 கிராம் சீனியும் 15 கிராம் கருப்பட்டியும் கலந்து கொடுங்கள். மணிகளைக் கண்ணாடி போலவே வைத்திருக்க விரும்பினால் சீனி மட்டும் போட்டு, அரைக்கால் டீஸ்பூன் ஆப்ப சோடாவும், பத்து நிமிடம் கொதிக்கவைத்த முட்டை ஓட்டில் ஒரு சிறு துண்டும் சேருங்கள். ஓடு அமிலத்தில் மெல்லக் கரைந்து கால்சியம் தரும்.

உப்புக் கரிக்காத போர் தண்ணீர்: கடினநீர் என்று நாம் சலித்துக்கொள்ளும் இதுதான் மணிகளுக்குப் பிடித்தது. குடிக்கத் தகுந்ததாக, டி.டி.எஸ். (நீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருந்தால் வெறும் சீனியே போதும், கருப்பட்டி வேண்டியதில்லை. இரண்டையும் சேர்த்தால் தாது மிகுந்து, நீர் கஞ்சி போலக் கொழகொழவென்று இழுக்கும்.

கார்ப்பரேஷன் தண்ணீர்: குளோரின் போக ஓர் இரவு அகன்ற பாத்திரத்தில் திறந்து வைக்கலாம், அல்லது கொதிக்கவைத்து ஆற்றலாம். கொதிக்கவைத்தால் கால்சியத்தில் ஒரு பகுதி பாத்திரத்தின் ஓரத்தில் வெள்ளைப் படிவாக ஒட்டிக்கொண்டு நீரைவிட்டுப் போய்விடும் என்பதை நினைவில் வையுங்கள். கொதித்த நீருக்கு 50 கிராம் சீனி, 10 கிராம் நாட்டுச் சர்க்கரை. திறந்து வைத்த நீருக்குச் சீனி மட்டும்.

சேர்க்கை சரியா என்று நாக்கு சொல்லாது, தராசுதான் சொல்லும். ஒவ்வொரு முறையும் மணிகளை வடிகட்டியில் இரண்டு நிமிடம் சொட்டவிட்டு எடை போட்டுக் குறித்து வையுங்கள். மூன்று முறை தொடர்ந்து எடை ஏறவில்லை என்றால் பானம் எவ்வளவு ருசித்தாலும் தீனியில் குறை. எடை ஏறியதும் 60 கிராமுக்கு மேற்பட்டதை எடுத்துவிடுங்கள். கூட்டம் கூடினால் உணவு முன்னதாகவே தீரும்.

கெடும்போது

கொழகொழப்பு வந்தால் கருப்பட்டி, சோடா, ஓடு எல்லாவற்றையும் நிறுத்தி, இரண்டு மூன்று முறை வெறும் சீனியும் எலுமிச்சையும் கொடுங்கள். அழுகின முட்டை நாற்றம், ஈஸ்ட் திணறுவதன் அடையாளம்: மணிகளை ஒருமுறை அலசி, அத்திப்பழம் இல்லாதிருந்தால் சேர்த்து, நேரத்தைக் குறைக்க வேண்டும். மேலே தட்டையாகப் படரும் வெள்ளை ஏடு ஒருவகை ஈஸ்ட், வழித்துவிட்டுத் தொடரலாம். பச்சை, கறுப்பு, ரோஜா நிறத்தில் பஞ்சு போல முளைத்தால் அது பூஞ்சை. பானத்தையும் மணிகளையும் சேர்த்தே கொட்டிவிடுங்கள், இரக்கம் பார்க்க வேண்டாம்.

புட்டியில் அடைத்த பிறகும் நொதிக்கும். வெயில் ஊரில் 12 மணி நேரத்துக்குமேல் வெளியில் வைக்காதீர்கள். கூடவே ஒரு பிளாஸ்டிக் சோடா புட்டியையும் நிரப்பி வைத்தால், அதை அழுத்திப் பார்த்தே கண்ணாடிப் புட்டிக்குள் இருக்கும் அழுத்தம் தெரியும். கல்லாக இறுகியதும் எல்லாமே ஃபிரிட்ஜுக்குப் போக வேண்டும். எந்த இனிப்பில் செய்தாலும் சிறிதளவு ஆல்கஹால் உண்டு, நொதிக்காத மிச்சச் சர்க்கரையும் உண்டு. கர்ப்பிணிகளும் குழந்தைகளும் சர்க்கரை நோயாளிகளும் "கருப்பட்டிதானே" என்று குடிக்கக் கூடாது.

ஊருக்குப் போகும்போது

மூன்று வாரம் வரை என்றால் புதிய சர்க்கரை நீரில் போட்டு ஃபிரிட்ஜில் வைப்பதே நல்லது. இதற்குச் சீனி மட்டும். அதற்கும் மேலென்றால் உலர்த்துங்கள்: நல்ல தண்ணீரில் அலசி, துணியில் ஒற்றை அடுக்காகப் பரப்பி, மேலே இன்னொரு துணி மூடி, மின்விசிறிக் காற்றில் மூன்று நாள் வையுங்கள். வெயிலில் வேண்டாம். கற்கண்டுத் தூள் போலச் சுருங்கி, பல்லில் வைத்தால் நறுக்கென்று உடையும் பதத்தில் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, தேதி எழுதி ஃபிரிட்ஜில் வைத்தால் ஆறு மாதம் தாங்கும். உறைய வைப்பதைவிட இதில் மணிகள் சிதைவது குறைவு. திரும்ப எழுப்பும்போது அரை லிட்டர் நீரில் 30 கிராம் சீனியும் துளி கருப்பட்டியும் கரைத்து, நாளுக்கொரு முறை நீர் மாற்றுங்கள். முதல் மூன்று நான்கு நீரைக் கொட்டிவிட்டு, ஜாடியில் குமிழி ஏறத் தொடங்கியபிறகு வருவதைக் குடிக்கலாம்.