தர்மபுரியில் நாலு வாடகை வீடு: எட்டு வருஷ அனுபவம்

நான் கட்டிய நாலு வீட்டிலும் எட்டு வருஷமாக அசையாமல் இருப்பது எது என்று கேட்டால், சமையல் மேடையைச் சொல்வேன். கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து வந்த கருப்பு கிரானைட். அடுப்பிலிருந்து இறக்கிய குக்கரை அப்படியே வைக்கிறார்கள், அதன் மேலேயே தேங்காய் உடைக்கிறார்கள், ஒரு கீறல் இல்லை. அதிகமாகச் செலவு வைத்தது எது என்றால், அந்த மேடைக்கு ஒரு முழம் மேலே இருக்கும் குழாய்.

இலக்கியம்பட்டிப் பக்கம் அப்பா வாங்கிப் போட்டிருந்த நாலரை சென்ட் அது. 2016 வைகாசியில் கடைக்கால் தோண்டி, அடுத்த வைகாசியில் பால் காய்ச்சினோம். கீழே இரண்டு, மேலே இரண்டு. ஒவ்வொன்றும் 540 சதுர அடி, ஒரு படுக்கையறை. மேல்தளம் கான்கிரீட் போட நாள் குறித்திருந்த வாரத்தில்தான் 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவித்தார்கள். கான்கிரீட்டுக்குப் பலகை அடிக்கும் சென்ட்ரிங் ஆட்களுக்குக் கூலி கொடுக்க நான் ஒரு வங்கி வரிசை, மனைவி இன்னொரு வங்கி வரிசை. அது முடிந்து மூச்சு விடுவதற்குள் 2017 ஜனவரியில் மாநிலம் முழுக்க வறட்சி என்று அரசே அறிவித்தது. பூச்சு வேலைக்கு லாரித் தண்ணீர் வாங்கினோம். மொத்தம் 36 லட்சம் ஆனது. அதில் 20 லட்சம் வங்கிக் கடன்.

காகிதத்தில் கணக்கு அழகாகத்தான் இருந்தது. வீட்டுக்கு 5,500 வீதம் வாடகை 22,000. மாதத் தவணை 19,800. கையில் 2,200 மிச்சம், வருஷத்துக்கு 26,400. மூணு வீட்டுக்கு ஆனிக்குள் ஆள் வந்துவிட்டது. நாலாவது வீட்டுக்கு ஆவணிக் கடைசியில்தான் வந்தார்கள். ஆடியில் யார் குடி போவார்கள்? மூணு மாத வாடகை 16,500 அப்படியே போச்சு. இதெல்லாம் தெரியாத ஆள் இல்லை நான், ஆனால் கணக்குப் போடும்போது ஆடி மாதம் ஞாபகத்துக்கே வரவில்லை. இப்போது யாராவது காலி செய்கிறேன் என்றால் முதலில் தமிழ் மாதம்தான் பார்க்கிறேன். ஆனி பாதிக்குள் ஆள் அமையாவிட்டால் 300 ரூபாய் குறைத்தாவது கொடுத்துவிடுவேன்.

சரி, தண்ணீருக்கு வருகிறேன்.

போர் (ஆழ்துளைக் கிணறு) 650 அடி. பாறையைக் குடைந்து வந்த தண்ணீர், பார்க்கக் கண்ணாடி மாதிரி இருக்கும். எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு அந்தக் கண்ணாடியின் கதை தெரியும். நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. அதைத் தாண்டிய தண்ணீரைச் சின்ன வயதிலிருந்து குடித்து வளர்ந்தவர்களின் பல்லில் காவி ஏறியிருப்பதைப் பார்க்கலாம். கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று வெளியூரிலிருந்து குடி வருபவர்கள் நினைக்கிறார்கள். கொதித்தால் கிருமி சாகும், புளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் செறிவாகத்தான் ஆகும். இதற்காகத்தான் தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக்கும் சேர்த்து ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது, 2013-ல் தொடங்கி வைத்தார்கள். ஆகவே குடிக்கவும் சமைக்கவும் ஒகேனக்கல் தண்ணீர், மற்றதற்குப் போர் தண்ணீர். நான் கட்டும்போது இரண்டையும் ஒரே சம்பில் விட்டுவிட்டேன். இரண்டு வருஷம் கழித்து ஒகேனக்கல் தண்ணீருக்குத் தனித் தொட்டி கட்டி, வாசலில் தனிக் குழாய் வைத்தேன். முதலிலேயே செய்திருந்தால் பாதிச் செலவில் முடிந்திருக்கும்.

உப்பு இன்னொரு கதை. மூன்றாவது வருஷம் மேல் வீட்டு கீசரைக் கழற்றிய பிளம்பர் உள்ளேயிருந்து தண்ணீரைச் சூடாக்கும் காயிலை எடுத்து என் கையில் கொடுத்தார். வெள்ளை வெளேரென்று, விரல் தடிமனுக்குச் சுண்ணாம்பு சுற்றிக்கொண்டிருந்தது. "சார், இது காயில் இல்ல, முறுக்கு" என்றார். ஷவர் துளைகள் ஒவ்வொன்றாக அடைபடும். ஃபிளஷ் டேங்க் வால்வு மூடாமல் ராத்திரி முழுக்க ஒழுகும். ஆரம்பத்தில் பளபளப்பைப் பார்த்து பெங்களூரிலிருந்து குழாய் வாங்கி வந்திருந்தேன். அதற்கு ஸ்பிண்டில் (திருகும்போது உள்ளே சுழலும் பாகம்) போனால் தர்மபுரி நாலு ரோட்டுக் கடைகளில் கிடைக்காது, முழுக் குழாயையே மாற்ற வேண்டும். இப்போது நாலு வீட்டுக்கும் ஒரே மாடல், உள்ளூர் ஹார்டுவேர் கடையில் உதிரி கிடைக்கிற மாடல். ஒரு டப்பாவில் ஸ்பிண்டிலும் வாஷரும் எப்போதும் இருக்கும். நானே மாற்றிவிடுவேன்.

மோட்டார் தானாக நிற்க ஆட்டோமேட்டிக் போட்டதும் இப்படித்தான். தொட்டிக்குள் தொங்கும் ஸ்டீல் கம்பிகளில் தண்ணீர் பட்டால் மோட்டார் நிற்க வேண்டும். ஆறு மாதத்தில் கம்பி மேல் உப்புப் படிந்து, தண்ணீர் தொட்டும் அதற்குத் தெரியவில்லை. விடியும்வரை மொட்டை மாடியில் அருவி. பிறகு காந்த மிதவை வைத்த சென்சாருக்கு மாறினேன். அது இன்னும் பழுதாகவில்லை.

நான் செய்ததிலேயே உருப்படியான மாற்றம் தொட்டி விஷயம்தான். மேலே 2,000 லிட்டர் பொதுத் தொட்டி ஒன்று வைத்திருந்தேன். "அந்தம்மா வாஷிங் மெஷின் போட்டே தொட்டியைக் காலி பண்றாங்கண்ணா" என்று ஒருவர், "அவங்க பைக் கழுவுறதுக்கே பாதி போகுது" என்று இன்னொருவர். பஞ்சாயத்து முடியவே இல்லை. 2019-ல் அதை எடுத்துவிட்டு வீட்டுக்கு ஒரு 500 லிட்டர் தொட்டி வைத்தேன். அதே 2,000 லிட்டர்தான். சண்டை அன்றோடு நின்றது. 2024 கோடையில் போர் ஊறாமல் லாரித் தண்ணீர் வாங்கியபோதுகூட யாரும் யாரையும் குறை சொல்லவில்லை.

எனக்குப் பெரிய அடி கொடுத்தது மேல் பாத்ரூம். பாத்ரூம் தளத்தை ஒரு அடி இறக்கி வார்ப்பார்கள். அந்தப் பள்ளத்தில் பைப்பைப் படுக்க வைத்து, செங்கல் ஜல்லி கொட்டி நிரப்பி, மேலே டைல்ஸ் ஒட்டுவார்கள். நிரப்புவதற்கு முன்னால் பள்ளத்தில் தண்ணீர் கட்டி இரண்டு நாள் விட்டுப் பார்க்க வேண்டும். எங்கள் வீட்டில் அந்த இரண்டு நாள் கிடைக்கவில்லை. "நம்ம வேலையில ஒழுகுமா சார், பாத்துக்கலாம்" என்றார் மேஸ்திரி. எனக்கும் கிரகப்பிரவேச அவசரம்.

நாலு வருஷம் ஒன்றுமில்லை. அப்புறம் ஒரு நாள் கீழ் வீட்டு அக்கா கூப்பிட்டு, "தம்பி, பீரோ பின்னாடி செவுரு ஊதுது" என்றார். பீரோவை நகர்த்தினால், பெயின்ட் அப்பளம் மாதிரி பொரிந்திருந்தது. விரலால் தொட்டதும் உதிர்ந்தது, பின்னால் பூச்சு நனைந்த மணலாக வந்தது. மேலே டைல்ஸை உடைத்துப் பார்த்தோம். தரை டிராப் (தரைத் தண்ணீர் இறங்கும் வாய்) இணைப்பில் முடி அளவு விரிசல். அதில் கசிந்த தண்ணீர் ஜல்லிக்குள் தேங்கி, போக இடமில்லாமல் சுவரில் இறங்கியிருந்தது. ஒன்பது நாள் வேலை, 38,000 ரூபாய். மேல் வீட்டுக்காரர்கள் அந்த ஒன்பது நாளும் எதிர் வீட்டு பாத்ரூமைப் பயன்படுத்தினார்கள். அந்த மாதம் பாதி வாடகைதான் வாங்கினேன். முழுசாகக் கேட்க வாய் வரவில்லை.

எட்டு வருஷ நோட்டைக் கூட்டிப் பார்த்தேன். பராமரிப்புச் செலவு 4,10,000. அதில் 2,60,000 தண்ணீர் தொடர்பானது. மீதியில் பாதி பெயின்ட். வருமான வரியில், கட்டிய வீட்டு வரி போக மீதி வாடகையில் 30 சதவீதத்தை ரசீது எதுவும் காட்டாமலே கழித்துக்கொள்ளலாம், கடன் வட்டி தனி. என் செலவு அந்த 30 சதவீதத்துக்குள் அடங்கிவிட்டது. அந்த மட்டுக்கும் சந்தோஷம்.

மின்சாரத்தில் தொந்தரவே இல்லை. வீட்டுக்கு ஒரு மீட்டர், மோட்டாருக்கும் மாடிப்படி விளக்குக்கும் இன்னொன்று. தனி மீட்டர் என்பதால் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் அவரவருக்கே கிடைக்கிறது. ஒரே மீட்டரிலிருந்து சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்குகிறவர்களையும் பார்க்கிறேன். எனக்கு அது பிடிக்காது.

அட்வான்ஸில் ஒரு தப்பு செய்தேன். ஆளுக்கு 30,000 வாங்கி, அந்தப் பணத்தில் கேட்டும் காம்பவுண்டும் கட்டினேன். 2020 ஊரடங்கில் ஹோட்டலில் வேலை பார்த்தவர் ஒருவர், தனியார் பள்ளி ஆசிரியை ஒருவர், இரண்டு பேரும் ஒரே மாதத்தில் ஊருக்குக் கிளம்பினார்கள். 60,000 திருப்பிக் கொடுக்க மனைவியின் வளையல் அடகுக்குப் போனது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக்கொள்ளாதவரை மூணு மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. இப்போது நான் வாங்குவது மூணு மாதம்தான். அது தனிக் கணக்கில் கிடக்கிறது, தொடுவதில்லை.

இப்போது கீழ் வீடு 8,000, மேல் வீடு 7,500. மேலே வெயில் அதிகம், வெள்ளை கூலிங் டைல்ஸ் போட்ட பிறகும் சித்திரையில் மதியம் உட்கார முடியாது. அதனால் அந்த 500 குறைவு.

மேல் கிழக்கு வீடு போன வாரம் காலியானது. அந்த பாத்ரூமை இன்னும் உடைத்ததில்லை. நேற்றுக் காலை தரை டிராப்பில் துணி அடைத்து, நாலு விரல் உயரத்துக்குத் தண்ணீர் கட்டி, டைல்ஸில் சாக்பீஸால் கோடு போட்டு வந்தேன். இன்று காலை தண்ணீர் கோட்டிலேயே நின்றது. அதற்கு நேர் கீழ் வீட்டிலும் பீரோவை நகர்த்தி வைத்திருக்கிறார்கள். நாளைக் காலையும் போய்ப் பார்க்க வேண்டும்.