கூடத்துத் தரைக்குக் கடப்பா கல்லா, கறுப்பு கிரானைட்டா?

இரண்டு ஆண்டுகளுக்கு முன் வீட்டைப் புதுப்பித்தபோது நான் கடப்பா கல்லைத்தான் பதித்தேன். இன்று யார் கேட்டாலும் அதையே சொல்வேன். விலை குறைவு என்பது எல்லோருக்கும் தெரியும். மெருகேற்றாத பலகையாக வாங்கினால் ஈரக்காலுக்கும் வழுக்காது.

கடையில் இரண்டும் கறுப்பாகத்தான் தெரியும், ஆனால் பிறப்பே வேறு. கறுப்பு கிரானைட், பூமிக்குள் உருகிய பாறைக்குழம்பு ஆறி இறுகியது. கடப்பா கல்லோ சுண்ணாம்புக்கல்; ஆந்திராவின் கடப்பா, கர்னூல் பக்கம் பழங்காலக் கடலடியில் சுண்ணாம்புச் சேறு அடுக்கடுக்காகப் படிந்து கல்லானது. அந்த அடுக்குகளால்தான் அதைப் பலகை பலகையாகப் பெயர்க்க முடிகிறது. ஓடுள்ள உயிர்கள் தோன்றும் முன்பே உருவான கல் இது. அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லில் கிடைப்பதுபோல் இதில் சிப்பிகள் கிடைக்காது.

சந்தேகம் வந்தால் உடைந்த துண்டு ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். கத்தி முனையால் கீறினால் கடப்பாவில் வெள்ளைக்கோடு விழும், கிரானைட் அசையாது. நீர்த்த ஆசிட் ஒரு சொட்டு விட்டால் கடப்பா நுரைக்கும்.

பராமரிப்பு முழுவதும் அந்த நுரையில்தான் இருக்கிறது. எலுமிச்சை, புளி, குளியலறை ஆசிட் எதுவானாலும் சுண்ணாம்பைக் கரைக்கும். சென்ற கோடையில் எங்கள் கூடத்தில் எலுமிச்சைச் சாறு கொட்டி, கவனிக்காமல் கிடந்துவிட்டது. துடைத்த பிறகும் சாம்பல் நிறத் தடம் போகவில்லை. அது கறை அல்ல. கல்லின் மேற்பரப்பே அரிக்கப்பட்டிருந்தது. பலர் இதற்குப் பயந்துதான் கிரானைட்டுக்குப் போகிறார்கள். ஆனால் கடப்பா மென்மையான கல் என்பதே இங்கே கைகொடுத்தது. நயமான உப்புத்தாளை நனைத்து, அந்த இடத்தைப் பத்து நிமிடம் தேய்த்து, காய்ந்தபின் துளி தேங்காய் எண்ணெய் தடவினேன். உற்றுப் பார்த்தால்தான் தெரிகிறது. கிரானைட்டில் எலுமிச்சை ஒன்றும் செய்யாது, உண்மைதான். ஆனால் அதில் மெருகு போனால் வைரத்தூள் பதித்த வில்லைகளோடு மெருகு இயந்திரக்காரர் வரவேண்டும்.

இது இரண்டே ஆண்டு அனுபவம். நாற்காலிகளை நாள்தோறும் இழுத்துத் தள்ளும் வீட்டில் பத்து ஆண்டுக்குப் பிறகும் இதே அழகு இருக்கும் என்று நான் வாக்குத் தரமாட்டேன்.

சமையல் மேடைக்கு நானும் கிரானைட்டே போட்டேன். தினமும் புளி கரைக்கும் இடத்தில் தினமும் உப்புத்தாள் பிடிக்க முடியாது. அதன் கீழே உள்ள தட்டுகள் மட்டும் கடப்பா.