கிட்டா, அட்டைப்பெட்டியா, பூவரசு இலையா?

சின்னப் பிள்ளை இருக்கும் வீட்டுக்கு ஆண்டுக்கு ஒருமுறையாவது பள்ளியிலிருந்து அந்தச் செய்தி வந்துவிடும்: நாளை ‘பெஸ்ட் அவுட் ஆஃப் வேஸ்ட்’, ஏதாவது செய்து அனுப்பவும். இரவு ஒன்பது மணிக்கு அப்பா ஸ்டேஷனரி கடைக்கு ஓடுவார். ஐஸ் குச்சி ஒரு கட்டு, பேப்பர் கப் ஐம்பது, மினுக்குப் பசை, ஃபோம் ஷீட். கழிவில் கலை செய்வதற்காக இருநூறு ரூபாய்க்குப் புதுச் சாமான். அம்மா உட்கார்ந்து பேனா ஸ்டாண்ட் செய்வார், பிள்ளை தூங்கிவிடும். எங்கள் வீட்டிலும் இதுதான் நடந்தது. அதனால் யாரையும் கிண்டல் செய்யும் தகுதி எனக்கில்லை.

அந்த வருடத்திலிருந்து சனிக்கிழமை மாலைகளில் தெருப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் எங்கள் மொட்டைமாடிக்கு வருகிறார்கள். மூன்று வயதிலிருந்து ஏழு வயது வரை. கடையில் விற்கும் கிராஃப்ட் கிட், வீட்டில் சேரும் பழைய சாமான், மரத்தடியில் பொறுக்கியது என்று மூன்றையும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தாகிவிட்டது.

கிட்டை முதலில் முடித்துவிடலாம், அதில் சொல்ல அதிகமில்லை. 450 ரூபாய்க்கு வாங்கிய ஆந்தை கிட் நாற்பது நிமிடத்தில் தீர்ந்தது. எல்லோரிடமும் ஒரே ஆந்தை. அட்டையில் இருக்கும் படம்தான் சரியான விடை, தன் ஆந்தை அப்படி வரவில்லை என்று ஒரு பிள்ளை அழுதே விட்டது. ஒரு நல்லது உண்டு: எல்லாம் அளவாக வெட்டியிருப்பதால், கத்தரி பிடிக்கத் தெரியாத பிள்ளைக்கும் ‘முடித்துவிட்டேன்’ என்ற நிறைவு கிடைக்கும். கெட்டது, கூடவே வரும் மினுக்குத் தூள். பெரும்பாலும் அது உலோகப் பூச்சு பூசிய பிளாஸ்டிக் துணுக்குதான். தரையைப் பெருக்கினாலும் போகாது, கழுவினால் சாக்கடைக்குப் போகும். ஐரோப்பிய ஒன்றியம் 2023 அக்டோபரிலேயே உதிரி பிளாஸ்டிக் மினுக்குத் தூள் விற்பனைக்குத் தடை போட்டுவிட்டது.

அப்படியென்றால் பழைய சாமான்தான் நல்லது என்று உடனே சொல்லிவிட முடியுமா? இங்கேதான் எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. காலித் தண்ணீர் பாட்டிலைப் பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போடலாம். அது எங்கோ போய் உருகி வேறொன்றாகும். அதே பாட்டிலுக்குப் பெயின்ட் அடித்து, மினுக்குப் பசை தடவி, ஃபோம் பூ ஒட்டிவிட்டால் காயலாங்கடைக்காரரும் தொடமாட்டார். ஒரு மாதம் டிவி மேல் நிற்கும், அப்புறம் குப்பைத்தொட்டி. மறுசுழற்சிக்குப் போகவேண்டியதை வழிமறித்துக் குப்பையாக்கிவிட்டு அதற்கு மறுசுழற்சிக் கலை என்று பெயர் வைக்கிறோம். பிள்ளை அதிலிருந்து என்ன கற்றுக்கொள்ளும்?

அட்டைப்பெட்டி வேறு ரகம். ஆன்லைன் ஆர்டரில் வரும் பெட்டியை நடுவில் வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் இருந்து பாருங்கள். முதலில் ஒருவர் உள்ளே உட்காருவார். பிறகு அது பஸ், கோழிக்கூடு, ஏடிஎம். எங்கள் ஏடிஎம்முக்கு உள்ளே ஒரு பிள்ளை உட்கார்ந்து வேப்பிலையைக் காசாக நீட்டினாள். எவ்வளவு உதிரிப் பொருள், எவ்வளவு மாற்றிப்போட இடம் இருக்கிறதோ அவ்வளவு படைப்பு பிறக்கும் என்பது இங்கிலாந்துக் கலைஞர் சைமன் நிக்கல்சன் 1971-இல் முன்வைத்த கருத்து. பெட்டிக்கு அது அப்படியே பொருந்துகிறது. ஒட்டுவதற்கு மைதா பசை போதும். அதில் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் கலக்கும் பழக்கம் உண்டு. பிள்ளைகள் கைபடும் பசையில் அது வேண்டவே வேண்டாம், நஞ்சு. பெட்டியில் இருக்கும் பின்களையும் முன்பே பிடுங்கிவிடுங்கள்.

இத்தாலியில் ரெஜியோ எமிலியா என்ற ஊர், மழலையர் கல்விக்குப் பேர்போனது. அங்கே 1996 முதல் ‘ரெமிடா’ என்று ஒரு மையம் நடக்கிறது. கிரேக்கக் கதையில் தொட்டதெல்லாம் பொன்னாக்கிய மிடாஸ் அரசனின் பெயரிலிருந்து வந்தது அது. தொழிற்சாலைகளும் கடைகளும் ஒதுக்கும் வெட்டுத் துண்டுகளை வாங்கி, சுத்தமாக அடுக்கி, பள்ளிகளுக்குக் கொடுக்கிறார்கள். நான் அங்கிருந்து எடுத்துக்கொண்டது ஒன்றே ஒன்று: குப்பையைக் குப்பையாகக் குவித்துக் கொடுக்கக் கூடாது, கடை மாதிரி பிரித்து வைக்கவேண்டும். தையல் கடை வெட்டுத்துணி, அச்சகத்தில் விழும் காகித ஓரம், இரண்டும் கேட்டால் சும்மாவே தருவார்கள். நிறம் பிரித்து முறத்தில் வைத்த அன்று பிள்ளைகள் வேலை செய்த விதமே வேறு.

தீக்குச்சியும் சைக்கிள் வால்வ் டியூபும் வைத்து அறிவியல் பொம்மை செய்யச் சொல்லித்தந்த அரவிந்த் குப்தாவின் வழியையும் முயன்றேன். அருமையான பொம்மைகள், ஆனால் ஐந்து வயது விரல்களுக்குச் சரிவரவில்லை. ஏழெட்டு வயதுக்கு மேல் எடுத்தால் பலன் தெரியும்.

பழைய சாமானில் இன்னொரு தலைவலி, சேமிப்பு. கொட்டாங்குச்சியும் கப்பும் மாடியில் கிடந்து ஒரு மழை பெய்தால் டெங்கு கொசுவுக்கு நாமே தொட்டில் கட்டியது போலாகும். கவிழ்த்து வையுங்கள், அல்லது சேர்க்காதீர்கள்.

மூன்றாவதில்தான் எனக்குச் சாய்வு, மறைக்கவில்லை. பூவரசு இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதத் தெரிந்த பாட்டி ஒருத்தி தெருவில் இருந்தால் பாதி வகுப்பு முடிந்தது. நுங்கு வண்டியை எந்தப் பட்டியலில் சேர்ப்பது? தின்றுபோட்ட இரண்டு காய், நடுவில் ஒரு குச்சி, தள்ளக் கவைக்கம்பு. கழிவும் அதுதான், இயற்கையும் அதுதான். சித்திரை வைகாசியில் ஓடும், காய்ந்தால் அடுப்புக்குப் போகும்.

நிறத்தில் மற்ற இரண்டும் இதன் அருகே வரமுடியாது. சங்குப்பூவைச் சுடுநீரில் போட்டால் நீலம், எலுமிச்சை பிழிந்தால் ஊதா. மஞ்சள் தண்ணீரில் சோப்புத் தண்ணீர் சொட்டினால் சிவப்பு. சாம்பார் கறை பட்ட சட்டையில் சோப்பு போடும்போது அம்மாக்கள் தினம் பார்க்கும் அதே சிவப்புதான். நிறம் கண்முன்னே மாறும்போது நான்கு வயதுப் பிள்ளை விடும் மூச்சைக் கிட் தராது. இந்த நிறங்கள் வெயிலில் வெளுத்துவிடும் என்பது உண்மை. அதற்குப் பிள்ளைகள் கவலைப்பட்டு நான் பார்க்கவில்லை, போட்டோ எடுக்கும் பெரியவர்கள்தான் படுகிறார்கள்.

ஆனால் இயற்கை என்றாலே பத்திரம் என்று நம்பிவிடாதீர்கள். களிமண் பிள்ளையாருக்குக் கண் வைக்கும் குன்றிமணி அழகுதான், உடைந்த விதை வயிற்றுக்குள் போனால் கொடிய நஞ்சு. ஆமணக்கு விதையும் அரளியும் அப்படியே. எருக்கம்பால் கண்ணில் படக்கூடாது. மூன்று வயதுக்குள் உள்ளவர்களிடம் புளியங்கொட்டையும் வேண்டாம், பாட்டில் மூடியும் வேண்டாம். தொண்டையில் அடைத்துக்கொள்ளும் அளவு இரண்டும்.

இலையும் பூவும் நிற்காது, தாங்காது. நிமிர்த்திக் கட்ட நினைக்கும் வயதில் பிள்ளைக்கு எரிச்சல் வரும். அதனால் எங்கள் மாடியில் இப்போதைய கணக்கு: மூன்று நான்கு வயதுக்கு மண், இலை, பூத்தண்ணீர், வெண்டைக்காய் அச்சு. ஐந்து தாண்டினால் அட்டையும் வெட்டுத்துணியும் முன்னால் வரும், இலையும் பக்கத்தில் இருக்கும். மரமே இல்லாத அபார்ட்மென்ட் என்றால் சமையலறைத் தோலும் கீரைத்தண்டும் இருக்கின்றன. காசு செலவழிப்பது முனை மழுங்கிய நல்ல கத்தரிக்கும் இரண்டு தூரிகைக்கும் மட்டும்.

கிட்டையும் தூக்கிப்போடவில்லை. பன்னிரண்டு மணிநேர ரயில் பயணத்துக்கு அதைவிட வசதியானது எதுவுமில்லை. மினுக்குத் தூள் பாக்கெட்டை மட்டும் வீட்டிலேயே எடுத்து வைத்துவிட்டு ஏறுங்கள்.