மூட்டை போட்டு அடைப்பதா, வற்றவிட்டுக் கட்டுவதா?

2024 ஜூலை 11 அன்று டெல்லியின் பவானா அருகே முனக் கால்வாய்க் கரை உடைந்து ஜே.ஜே. காலனி என்ற குடிசைவாசிகள் மறுகுடியிருப்புக்குள் தண்ணீர் புகுந்தபோது, ரோகிணியில் எங்கள் குடியிருப்புத் தமிழர்கள் இரண்டு கட்சியானார்கள். "சவுக்குக் கட்டையும் ஆயிரம் மணல் மூட்டையும் இருந்தால் ஒரே ராத்திரி வேலை" என்றார் தஞ்சாவூர்க்காரப் பெரியவர். "தண்ணியை நிறுத்திட்டு முழுசா கட்டணும் சார்" என்றார் கட்டட வேலை பார்க்கும் தம்பி.

மூட்டைக்கு வேகம்தான் பலம். ஆனால் டெல்டாவில் வெள்ளம் சில நாளில் தானாக வடிந்துவிடும், அதுவரை தாங்கினால் போதும். முனக் கால்வாய் நகரத்துக்குக் குடிதண்ணீர் கொண்டுவருவது, அதற்கு ஓய்வு கிடையாது. மூட்டைகளின் இடுக்கில் கசிவு வழி தேடிக்கொண்டே இருக்கும், சாக்கும் வெயிலில் நைந்துபோகும்.

தம்பி சொன்ன வழியில் பொறுமை வேண்டும். சேற்றை அள்ளி, பழைய கரையைப் படிக்கட்டு போல வெட்டி, சாண் உயரத்துக்கு மேல் போகாமல் அடுக்கடுக்காக மண்ணைக் கொட்டி ரோலர் ஓட்ட வேண்டும், அப்புறம்தான் கான்கிரீட். பலரும் மறப்பது ஒன்று: கால்வாயை அவசரமாக வற்றவிட்டால், கரைமண்ணில் ஊறியிருக்கும் தண்ணீர் பின்னாலிருந்து தள்ளி, நன்றாக இருக்கும் கான்கிரீட் பலகைகளையும் பெயர்த்துவிடும். மட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறக்க வேண்டும்.

அதுவரை நகரம் எதைக் குடிக்கும்? இங்கே டெல்லிக்கு ஒரு அதிர்ஷ்டம். பழைய டெல்லி கிளைக் கால்வாய், 102 கி.மீ. நீளக் கான்கிரீட் கால்வாய் என முனக் தண்ணீர் வர இரண்டு வழிகள் உண்டு. அன்று தண்ணீரைப் பழையதற்குத் திருப்பினார்கள். கசிவைத் தடுக்கத்தான் புதியதைக் கட்டினார்கள். என்னைக் கேட்டால், ஒன்றை வற்றவிட இன்னொன்று இருப்பதே பெரிய லாபம். ஹரியானாவில் கால்வாய் தொடங்கும் இடத்திலேயே சிக்கல் என்றால் இதுவும் உதவாது. 2016 பிப்ரவரியில் ஜாட் சமூகத்தின் இடஒதுக்கீட்டுப் போராட்டத்தின்போது கால்வாயைப் போராட்டக்காரர்களிடமிருந்து மீட்க ராணுவம் வரவேண்டியிருந்தது.

எல்லாவற்றையும் குழாயில் கொண்டுவரலாமே என்று ஒருவர் கேட்டார். அந்தச் செலவுக்கு இரண்டு கால்வாயையும் பல தடவை புதுப்பிக்கலாம் என்பது என் எண்ணம்.

ஜூலையில் பெரியவர் கட்சிதான். மழையில் நனைந்த மண் ரோலருக்கு இறுகாது. ஆனால் பருவமழை ஓய்ந்ததும், அக்டோபரில், மூட்டைகளைப் பிரித்துவிட்டுத் தம்பி சொன்னபடி கட்ட வேண்டும். குளிர்காலத்துக்குத் தள்ளக் கூடாது. அப்போது யமுனையில் அம்மோனியா ஏறி வசீராபாத் சுத்திகரிப்பு நிலையம் தடுமாறும், நகரம் கால்வாயைத்தான் நம்பியிருக்கும். கோடையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

பெரியவர் பாதி ஒத்துக்கொண்டார். "அக்டோபர் வரைக்கும் ராத்திரியில் டார்ச்சோட கரைமேல நடக்க ஒரு லஸ்கர், அதான் கரைக் காவலாள், வேணுமே, அதைச் சொல்லலையே நீ?" என்றார்.