குறுந்தகடுகளைக் கணினிக்கு மாற்றக் கருவி வாங்குவோர் கவனத்திற்கு: ஒரு மாதச் சம்பளத்தை இழந்துவிட்டு எழுதுகிறேன்

பணம் திரும்பக் கிடைக்காது என்ற இறுதிப் பதில் நேற்று இரவு வந்தது. ஒரு முழு மாதச் சம்பளம் போய்விட்டது. இந்தக் கோபம் ஆறுவதற்குள் நடந்ததை எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன், ஏனென்றால் சேர்த்துவைத்த இசைக் குறுந்தகடுகளைக் கணினிக்கு மாற்ற எண்ணி, அதற்கான டிரைவையும் சேமிப்பகத்தையும் இதே போன்ற இடங்களில் தேடிக்கொண்டிருப்பவர்கள் இன்னும் பலர் இருப்பார்கள். எந்தக் கருவியை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதையும் முடிவில் சொல்கிறேன்.

தளத்தின் பெயரை எழுதப்போவதில்லை. பல விற்பனையாளர்கள் கடை விரித்திருக்கும் பெரிய இணைய விற்பனைத் தளங்களில் ஒன்று அது. அதில் இசை ஆர்வலர்களுக்கான கருவிகளை மட்டுமே விற்பதாகச் சொல்லிக்கொண்ட ஒரு கடையில் வாங்கினேன். வெளியே வைத்து இணைக்கும் சிடி டிரைவ் ஒன்றும், கைக்குள் அடங்கும் 16 டெராபைட் எஸ்எஸ்டி சேமிப்பகம் ஒன்றும் சேர்ந்த தொகுப்பு. இரண்டையும் பிரித்துத் தர மாட்டோம் என்றார்கள். எனக்கு அவ்வளவு கொள்ளளவு தேவையே இல்லை. இசைக் குறுந்தகட்டின் ஒலி நிமிடத்திற்கு ஏறத்தாழ 10 மெகாபைட். அதைத் தரம் குறையாத ஃப்ளாக் வடிவில் சுருக்கினால் பாதியளவுக்கு வந்துவிடும். ஆயிரம் தகடுகள் இருந்தாலும் 400 ஜிகாபைட்டுக்குள் அடங்கும். ஆனால் நல்ல டிரைவ் வேண்டும் என்பதற்காகத் தொகுப்பையே வாங்கினேன்.

அந்த விற்பனையாளரை நம்பியதற்குக் காரணம் இருக்கிறது. அரட்டைப் பெட்டியில் நான் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் விவரம் தெரிந்தவராகவே பதில் சொன்னார். இசைக் குறுந்தகட்டில் ஒரு நொடி ஒலி 75 பிரிவுகளாகப் பதிவாகியிருக்கிறது, ஒவ்வொன்றும் 2352 பைட்டுகள், கீறல் ஆழமாக இருந்து பிழைதிருத்தத்திற்கும் அடங்காமல் போனால் டிரைவ் விடுபட்ட இடத்தைத் தானே ஊகித்து நிரப்பிவிடும், கேட்பவருக்குத் தெரியாது, ஆகவே ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்து ஒப்பிடும் மென்பொருள் வேண்டும் என்றார். டிரைவ் தன் தற்காலிக நினைவகத்தில் வைத்திருக்கும் பழைய வாசிப்பையே மறுபடியும் கொடுத்து ஏமாற்றக்கூடும் என்பதையும், ஒவ்வொரு டிரைவ் மாடலும் ஒலியை இம்மியளவு முன்னதாகவோ பின்னதாகவோ வாசிக்கத் தொடங்கும் என்பதையும், அதைச் சரிசெய்ய அந்த விலகலைக் குறிக்கும் ஆஃப்செட் எண்ணை மென்பொருளில் பதிய வேண்டும் என்பதையும் நான் கேட்காமலேயே சொன்னார். எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்ற மென்பொருளைப் பயன்படுத்துங்கள், வாசித்து முடித்ததும் அக்யுரேட்ரிப் தரவுத்தளத்தில் மற்றவர்களுடைய முடிவோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள், ஒத்துப்போனால் நிம்மதியாக இருக்கலாம் என்றார். எல்லாமே உண்மை. பணத்தைச் செலுத்தும் முன், “உங்களைப் போல அக்கறையோடு செய்பவர்களுக்கு விற்பதுதான் எங்களுக்கு மகிழ்ச்சி, எந்தச் சிக்கல் வந்தாலும் நான் இருக்கிறேன்” என்று எழுதினார். அந்த வரியைப் படித்துவிட்டுத்தான் ஒரு மாதச் சம்பளத்தை அனுப்பினேன்.

டிரைவ் உண்மையிலேயே நன்றாக இருந்தது. மோசடி அங்கே இல்லை. முதல் தகட்டிலிருந்தே அக்யுரேட்ரிப் ஒத்துப்போனது, மென்பொருளின் பதிவேட்டில் பிழையே இல்லை, கோப்புகளை எஸ்எஸ்டிக்கு நகலெடுத்தபோதும் கணினி எந்தக் குறையும் சொல்லவில்லை. கணினியில் அது 16 டெராபைட் என்றே காட்டியது. பாராட்டி விமர்சனம் எழுதுமாறு கடையிலிருந்து மீண்டும் மீண்டும் நினைவூட்டல் வந்துகொண்டிருந்தது.

பல வாரங்கள் கழித்துச் சேமித்த ஓர் இசைத்தொகுப்பைத் திறந்தபோது பாடல் ஓடவில்லை. அடுத்ததும் ஓடவில்லை. கோப்பின் பெயர் இருக்கிறது, அளவு இருக்கிறது, தேதி இருக்கிறது. உள்ளே வெறும் சுழியங்கள். வரிசையாகச் சோதித்தபோது தொடக்கத்தில் சேமித்தவை மட்டும் நன்றாக இருந்தன, ஒரு கட்டத்திற்குப் பிறகு சேமித்தவை அனைத்தும் வெறுமையாக இருந்தன. எஸ்எஸ்டியின் கூட்டைத் திறந்து பார்த்தேன். ஒரு சிறிய சுற்றுப்பலகை, அதன் மேல் பசையால் ஒட்டிய 64 ஜிகாபைட் மெமரி கார்டு, கையில் கனம் தெரிய வேண்டும் என்பதற்காக ஓர் இரும்புத் துண்டு. 16 டெராபைட் என்று கணினியிடம் பொய் சொல்லும்படி அதன் ஃபர்ம்வேரை, அதாவது கருவிக்குள்ளேயே இயங்கும் மென்பொருளை, மாற்றியிருக்கிறார்கள். 64 ஜிகாபைட் நிறையும் வரை எல்லாம் ஒழுங்காக நடக்கும். அதற்கு மேல் அனுப்பும் எதையும் அது எழுதுவதில்லை, எழுதிவிட்டேன் என்று மட்டும் பதில் சொல்கிறது. கோப்புகளின் பெயர்களும் அளவுகளும் தொடக்கப் பகுதியில் தனியே பதிவாவதால் அவை மட்டும் தப்பிவிடுகின்றன, பார்ப்பவருக்கு எல்லாம் பத்திரமாக இருப்பது போலத் தோன்றுகிறது.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். 64 ஜிகாபைட் நிறைய ஏறத்தாழ 180 தகடுகள் வேண்டும். கவனமான முறையில் வாசித்தால் ஒரு தகட்டுக்கே கணிசமான நேரம் பிடிக்கும், வேலை முடிந்து வந்து மாலை நேரத்தில் இதைச் செய்பவர் அந்த எண்ணிக்கையைத் தொடுவதற்குள் பொருளைத் திருப்பி அனுப்பும் காலக்கெடு முடிந்துவிடும். குறுந்தகடு சேர்ப்பவர்களுக்கு இந்தப் போலிச் சேமிப்பகத்தை விற்பதன் சூட்சுமமே அதுதான் என்று நினைக்கிறேன். அவர் சொல்லித் தந்த அக்யுரேட்ரிப் சோதனையும் இங்கே உதவாது, ஏனென்றால் அது தகட்டிலிருந்து வாசித்தது சரியா என்று மட்டுமே சொல்லும், வாசித்தது பிறகு எங்கே போய்ச் சேர்ந்தது என்று அதற்குத் தெரியாது. வாசிப்பைப் பற்றி அத்தனை உண்மைகளைச் சொல்லி, சேமிப்பைப் பற்றி ஒரு கேள்விகூட எழாமல் பார்த்துக்கொண்டார்.

பிறகு நடந்தது இன்னும் மோசம். “எந்தச் சிக்கல் வந்தாலும் நான் இருக்கிறேன்” என்றவர் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள் என்றார். மாற்றினேன். உங்கள் கணினியில் கோளாறு என்றார். வேறு கணினியில் இணைத்துக் காட்டினேன். ஃபார்மேட் செய்யுங்கள், சரியாகிவிடும் என்றார். ஃபார்மேட் செய்திருந்தால் என்னிடமிருந்த ஒரே சான்றும் அழிந்திருக்கும், அதனால் மறுத்தேன். அடுத்து, 16 டெராபைட் என்பது சுருக்கிய நிலையில் உள்ள கொள்ளளவு என்று ஒரு விளக்கம். அதையும் ஏற்காதபோது, புகாரைத் திரும்பப் பெற்றால் விலையில் பத்தில் ஒரு பங்கைத் தருவதாகச் சொன்னார். மறுத்த மறுநாளிலிருந்து பதிலே இல்லை.

தளத்தின் வாடிக்கையாளர் பிரிவிலோ, ஒவ்வொரு முறையும் வேறொருவர் வந்து, “உங்கள் வருத்தம் புரிகிறது, ஐயா” என்று தொடங்கி, விற்பனையாளரிடமே பேசுங்கள் என்று முடித்தார். விற்பனையாளர் பதில் தருவதில்லை என்று சொன்னால் காத்திருங்கள் என்றார்கள். காத்திருந்தபின் காலக்கெடு முடிந்துவிட்டது என்றார்கள். உள்ளே இருப்பது மெமரி கார்டு என்பதற்குப் படங்களை அனுப்பினேன். அதற்கு வந்த பதிலைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை: கூட்டைத் திறந்துவிட்டதால் உத்தரவாதம் செல்லாதாம். திறக்காவிட்டால் சான்று இல்லை என்பார்கள், திறந்தால் உத்தரவாதம் இல்லை என்பார்கள். ஒரு மாதச் சம்பளத்தை வாங்கிக்கொண்டவர்களின் பேச்சு இது.

பணத்தை விடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. கடையில் வாங்கிய தகடுகளை மீண்டும் வாசித்துக்கொள்ளலாம், உழைப்பு மட்டுமே வீண். ஆனால் அம்மா பாடியதை வீட்டில் பதிவுசெய்த ஒரு சிடி-ஆர் இருந்தது. அந்த வகைத் தகட்டில் ஒலி ஒரு சாயப் படலத்தில் பதிவாகிறது, காலப்போக்கில் அந்தச் சாயம் சிதையும். அதை வாசித்த அன்று டிரைவ் பல இடங்களில் திணறித் திணறித்தான் முடித்தது. அந்தக் கோப்பு வெறுமையான பகுதியில் போய் விழுந்திருக்கிறது. இப்போது அதே டிரைவ், அதே தகடு, உள்ளடக்கப் பட்டியலைக்கூட வாசிக்க முடியவில்லை. அதற்கு எந்தத் தளம் என்ன ஈடு தரும்?

டிரைவ் வகைகளைப் பற்றி விரிவாக எழுதுவதாகத்தான் தொடங்கினேன். இப்போது அதற்கு மனம் இல்லை, அவசரமானவற்றை மட்டும் சொல்கிறேன். சிடி டிரைவையும் சேமிப்பகத்தையும் ஒரே தொகுப்பாக ஒருவரிடமே வாங்காதீர்கள். சேமிப்பகம் கைக்கு வந்ததும், ஒரு பாடலைக்கூட அதில் வைக்கும் முன், எஃப்3 அல்லது எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளைக் கொண்டு அதன் முழுக் கொள்ளளவையும் நிரப்பி, எழுதியதைத் திரும்ப வாசித்துச் சோதியுங்கள். பெரிய சேமிப்பகமானால் நாள்கணக்கில் ஆகும், ஆனாலும் திருப்பி அனுப்பும் காலக்கெடுவுக்குள் முடித்துவிடுங்கள். ஃப்ளாக் கோப்பு தன் ஒலியின் சரிபார்ப்பு எண்ணைத் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது, ஆகவே நகலெடுத்த பிறகு சேமிப்பகத்தைக் கழற்றி மாட்டி, ஃப்ளாக் மென்பொருளிலேயே உள்ள சோதனை வசதியை ஓடவிடுங்கள். வீட்டில் பதிந்த சிடி-ஆர்களை எல்லாவற்றுக்கும் முன்னதாக வாசித்து, வெவ்வேறு இடங்களில் இரண்டு நகல்கள் வையுங்கள். விற்பனையாளர் சொன்னார் என்று ஃபார்மேட் செய்யாதீர்கள், புகாரைத் திரும்பப் பெறச் சொல்லித் தரும் சிறு தொகையை வாங்காதீர்கள்.

எனக்கு விற்ற கடையின் பக்கம் இப்போது இல்லை. அதே படங்கள், அதே வருணனை, வேறு பெயர், வேறு கடை என்று தொகுப்பு மறுபடியும் விற்பனைக்கு வந்திருக்கிறது. கறுப்பு நிற டிரைவும் பக்கத்தில் தீப்பெட்டி அளவிலான வெள்ளி நிற எஸ்எஸ்டியும், மேலே 16 டெராபைட் என்ற பெரிய எழுத்தும் உள்ள படத்தைக் கண்டால் வாங்காதீர்கள்; அரட்டையில் எவ்வளவு நன்றாகப் பேசினாலும் வாங்காதீர்கள்.