பீத்தோவனின் செலோ சொனாட்டாக்கள்: இஸ்ஸர்லிஸ், லெவின் பதிவு

தவிலுக்குப் பக்கத்தில் வீணையை உட்கார வைத்த மாதிரிதான் இன்றைய பெரிய கிராண்ட் பியானோவோடு செலோ (வயலின் குடும்பத்தில் கனத்த குரல் கொண்ட பெரிய வாத்தியம்) வாசிப்பது. செலோவின் கீழ்த்தந்தி பேசும் ஸ்தாயிக்குப் பியானோவின் இடதுகையும் இறங்கிவிட்டால் செலோ காணாமல் போகும். வில்லை அழுத்தினால் நாதம் கரகரக்கும். பியானோவை அடக்கி வாசித்தாலோ, பீத்தோவன் உரக்க எழுதிய இடங்கள் சப்பென்று போகும்.

பீத்தோவன் இந்த இரண்டு வாத்தியங்களுக்கும் எழுதிய சொனாட்டாக்களை (பல பாகங்கள் கொண்ட உருப்படிகள்) செலோக்காரர் ஸ்டீவன் இஸ்ஸர்லிஸும் பியானோக்காரர் ராபர்ட் லெவினும் வாசித்து ஹைப்பீரியன் நிறுவனம் 2014-ல் வெளியிட்ட இரட்டை சிடியில் இந்தத் தகராறே இல்லை. லெவின் வாசிப்பது 1805 வாக்கில் வியன்னாவில் வால்ட்டர் பட்டறையில் செய்த ஃபோர்ட்டேபியானோவின், அதாவது அந்தக் காலத்துப் பியானோவின், நகல். நகலைச் செய்தவர் பால் மெக்நல்ட்டி. இரும்புச் சட்டம் கிடையாது, எல்லாம் மரம். தந்திகள் மெல்லியவை, சுத்தியலில் கம்பளிக்குப் பதில் தோல். தட்டியவுடன் பளிச்சென்று பேசிச் சட்டென்று அடங்கும், கார்வை குறைவு. அது அடங்கும் இடத்தில் செலோவுக்கு வழி கிடைக்கிறது. இஸ்ஸர்லிஸ் ஆட்டுக்குடல் நரம்பு போட்டு வாசிப்பவர். எஃகுத் தந்தியின் மினுக்கு அதில் வராது, ஆனால் வில் நரம்பைப் பற்றும் சத்தம்கூடக் காதில் விழும்.

முதலில் கேட்க வேண்டியது 1808-ல் முடித்த ஏ மேஜர் சொனாட்டா, ஓபஸ் (படைப்பு எண்) 69. துணையில்லாமல் செலோ தனியாகத் தொடங்குகிறது. பிறகு கீழ் ஈ ஸ்வரத்தில், அதாவது ஏ-யை ஷட்ஜமாக வைத்தால் பஞ்சமத்தில், அது நிற்க, அதன்மேல் பியானோ பதில் சொல்கிறது. தம்புராவில் ஊறிய நம் காதுக்கு அந்தப் பஞ்சமம் உடனே பிடிபடும். பெரிய பியானோ பதிவுகள் பலவற்றில் அது மங்கிப் போகும். இங்கே கடைசிவரை நிற்கிறது.

1796-ல் எழுதிய ஜி மைனர், ஓபஸ் 5 எண் 2-இல் மெதுவான முன்னுரை முடியும் இடத்தில் நீண்ட மௌனங்கள் வருகின்றன. கார்வை மிஞ்சாததால் மௌனம் முழு மௌனமாகவே இருக்கிறது, உடல் சிலிர்க்கும். மதுரையில் சித்திரை வெயிலில் ஃபேனை நிறுத்தச் சொல்ல முடியாது. ஆனால் ஃபேன் 5-இல் ஓடினால் இந்த மௌனமும் இல்லை, பியானோ அடங்கும் அழகும் இல்லை. காதை முழுக்க மூடும் வயர் ஹெட்போன் போட்டு, ரெகுலேட்டரை 2-க்கு இறக்கி, இரவு 11-க்கு மேல் கேளுங்கள். தெருவில் மைக் செட் கட்டியிருந்தால் அன்றைக்கு வேண்டாம். பேஸ் பூஸ்ட், ஈக்வலைசர் இரண்டையும் அணைத்துவிட வேண்டும். பேஸை ஏற்றினால் மரப்பெட்டியின் முழக்கம் வெறும் டம்டம் ஆகிவிடும்.

குறையும் உண்டு. மேல்ஸ்தாயியில் ஃபோர்ட்டேபியானோ கட்டையாக, சற்று வறட்சியாக ஒலிக்கிறது. கொம்புக்காக எழுதிய ஓபஸ் 17-ஐச் செலோவில் வாசித்திருப்பதும் மற்றவற்றின் உயரத்துக்கு வரவில்லை.

ஹைப்பீரியன் பதிவுகள் 2023-இலிருந்து ஸ்ட்ரீமிங்கிலும் வரத் தொடங்கியதால் வெளிநாட்டு சிடிக்குக் காத்திருக்கும் பாடு குறைந்தது. தேடும்போது பியானோக்காரர் பெயரைப் பார்த்து எடுங்கள். செலோக்காரர் பீட்டர் விஸ்பெல்வே இதே சொனாட்டாக்களை ஒரே நிறுவனத்துக்கு இரண்டு முறை பதிந்திருக்கிறார்: பால் கோமனோடு பழைய வாத்தியத்தில், டேயன் லாஸிச்சோடு இன்றைய பியானோவில். ஆன்னர் பில்ஸ்மாவுக்கும் இரண்டு உண்டு, மால்கம் பில்சனோடு ஒன்று, யோஸ் ஃபான் இம்மர்சீலோடு ஒன்று. அவை இரண்டுமே பழைய வாத்தியம்தான்.

கீபோர்டில் கூடவே வாசித்துப் பார்ப்பவர்களுக்கு ஒரு விஷயம். இவ்வகைப் பதிவுகளில் ஏ ஸ்வரம் பெரும்பாலும் 430 ஹெர்ட்ஸ், இன்றைய 440 அல்ல. டிரான்ஸ்போஸில் ஒன்று குறைத்தால் அதிகம் இறங்கிவிடும். ஃபைன் ட்யூனில் 40 சென்ட் (அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) இறக்கினால் சுருதி சேரும்.

ஓபஸ் 102 எண் 2-ஐக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து சொனாட்டாக்களில் முழுநீள விளம்ப பாகம் இருப்பது அதில் மட்டும்தான்.